பெஞ்சுக்கு அடியில் இருந்த ரயில்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டாவது வருடம். சென்னைக்குப் போய்விட்டு, திருமுல்லைவாயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலை. எந்த ஸ்டேஷனில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை. அம்பத்தூர்ப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே காதில் ஹெட்போனை மாட்டியவள், தலை நரைத்த பிறகுதான் கழற்றினேன். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருந்த அமைதியே எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. கோயில் குளம் போங்கள், பஜனைக்கு வாருங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எனக்குப் பிடித்துப்போனது என்னவோ ரயில். பொம்மை ரயில்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பி லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். சாதாரண பொம்மை ரயிலில் கரண்டை விட்டால் தண்டவாளத்தில் நிற்கிற அத்தனை இன்ஜினும் சேர்ந்தே ஓடும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கன்ட்ரோல் பெட்டியில் மூன்று என்று அழுத்தினால் மூன்றாம் நம்பர் மட்டும் கிளம்பும். அதே தண்டவாளத்தில் பக்கத்தில் நிற்கிற ஏழாம் நம்பர் அசையாது. தம்பி இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். "டேய், இது எக்ஸ்சேஞ்ச்டா! நம்பரைக் கூப்பிட்டா அந்த வீட்டுல மட்டும் மணி அடிக்கிற மாதிரி!"

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு கொஞ்சம், வேலை சுத்தம். முன் அறையில் பாதியை அடைக்கிற மாதிரி பிளைவுட்டில் ஒரு மேடை அடித்துக் கொடுத்தார். அதில் நான் தண்டவாளம் போட்டேன், லெவல் கிராசிங் வைத்தேன், தேங்காய் நாருக்குப் பச்சை பெயின்ட் அடித்து மரம் செய்தேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பேரனுக்கா?" என்றார். "இல்லைங்க, எனக்கு" என்றேன். அந்த அம்மா அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு பெரிய இடி. எங்கள் தெருவில் நாலைந்து டி.வி. போயிற்று. எங்கள் வீட்டில் கன்ட்ரோல் பெட்டி போயிற்று. சென்னையில் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒருவர் இந்த மாதிரி வெளிநாட்டுச் சாமானெல்லாம் பார்ப்பார் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாள் கழித்து வரச் சொன்னார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் மூன்றாம் நம்பர் இன்ஜினையும், முழ நீளத்துக்கு ஒரு துண்டுத் தண்டவாளத்தையும், டிரான்ஸ்பார்மரையும் தூக்கிக்கொண்டு போனேன். என் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். எனக்குப் பரம திருப்தி. "ரயில்ல கூட்டமா இருக்கும், அடிபடாம கட்டித் தரேன்" என்று சொல்லி எல்லாவற்றையும் கடைக்கு உள்பக்கம் எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது பெட்டியும் இன்ஜினும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போயிருந்தன. டின்னைச் சுற்றிச் சணல். ஓரத்தில் வயர் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதை அப்படியே, டிரான்ஸ்பார்மரோடும் தண்டவாளத்தோடும் சேர்த்து ரெக்ஸின் பையில் வைத்தேன். ஜிப் முழுசாக மூடவில்லை.

அந்தக் காலத்தில் ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கே பார்த்தாலும் குண்டு பயம். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எழுதி ஒட்டியிருப்பார்கள். பஸ்ஸில் யாராவது டிபன் பாக்ஸை மறந்துவிட்டு இறங்கினால்கூட பஸ்ஸே காலியாகும்.

நான் ஏறிய வண்டி பாதி வழியிலேயே நின்றுவிட்டது. முன்னால் ஒரு கூட்ஸ் வண்டி வழியை மறித்து நிற்கிறது, தாமதமாகும் என்றார்கள். எல்லாரும் இறங்கினோம். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. டிரான்ஸ்பார்மர் கனத்தில் என் தோள் விட்டுப்போய்விடும் போலிருந்தது. வெளியே இருந்த பூத்தில் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, வீட்டுக்காரரைத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குச் சைக்கிளோடு வந்து நிற்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "பையைக் கொஞ்சம் பாத்துக்கம்மா, ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்றேன். "வெச்சுட்டுப் போங்க, நான் எங்க போகப் போறேன்" என்றாள். பையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனேன்.

பூத்தில் வரிசை. என் முறை வந்து, நம்பரைச் சுழற்றி, வீட்டில் மணி அடிக்கிறது, எடுப்பதற்குள் வெளியே சத்தம். திரும்பிப் பார்த்தால் ஸ்டேஷன் வாசலிலிருந்து ஜனங்கள் கொட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடுகிறார்கள். "பாம்! பாம்!" என்று யாரோ கத்துகிறார்கள்.

ரிசீவரை வைத்துவிட்டு எதிர்த்திசையில் ஓடினேன். அந்தக் கைக்குழந்தையும் அவளும் உள்ளே இருக்கிறார்களே, என் பையும் இருக்கிறதே என்றுதான் நினைப்பு. கூட்டத்தை இடித்துக்கொண்டு எப்படியோ நடைமேம்பாலத்தின் கீழ்ப்படி வரைக்கும் போய்விட்டேன். அங்கே கயிறு கட்டி மறித்திருந்தார்கள். இரண்டு மூன்று போலீஸ்காரர்கள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிளாட்பாரம் முழுசும் காலி. ஒற்றைச் செருப்புகள், சிதறிய வேர்க்கடலை, ஒரு குடை. நான் வைத்துவிட்டுப் போன பெஞ்சில் யாரும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் என் பை. வாய் திறந்து, சிவப்பும் பழுப்புமாக வயர்கள் வெளியே தொங்க, என் பை.

அந்தப் பெண்ணுக்கு எதிர் பிளாட்பாரத்தில் வண்டி வந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். கால் இடறாமல் இருக்கட்டும் என்று பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். இதெல்லாம் பிறகு நான் யோசித்துப் புரிந்துகொண்டது. அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு பேரும் ஓடுவது என் பையைப் பார்த்து.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. ஏனென்றால் என் தோளை ஒட்டி நின்ற ஒரு ஆள், கட்டம்போட்ட சட்டை, நல்ல உடம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "எவன் வெச்சுகினு போனானோ, கைல மட்டும் கெடச்சான்... இங்கியே கொளுத்தணும் மாமே."

அவர் பக்கத்தில் இருந்தவர், "அவன் இல்ல, பொம்பளையாம். வெச்சுட்டு வெளிய போச்சாம், பாத்துகீறாங்க. பச்சைப் புடவையாம்" என்றார்.

நான் கட்டியிருந்தது பச்சைப் புடவை.

 மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கூட்டத்தோடு வெளியே போய், ஒரு ஆட்டோவைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொம்மைதானே, போனால் போகட்டும். இப்படி ஒரு எண்ணம் வந்தது. ஒரு அடி பின்னால் வைக்கவும் செய்தேன்.

அப்போதுதான் கயிற்றுக்கு உள்ளே நின்ற ஒரு ஏட்டைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் நீளமாக ஒரு மூங்கில் கழி, நுனியில் கொக்கி கட்டியிருந்தது. குண்டு நிபுணர்கள் நகரத்திலிருந்து வந்து சேர நேரமாகும். இரண்டு பக்கமும் வண்டிகள் ஜனங்களோடு நிற்கின்றன, படிக்கட்டில் நெரிசல் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் பையைக் கழியால் இழுத்து, பிளாட்பாரத்தின் கோடியில் குவித்திருந்த மணலுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்திருக்கிறார்கள் போல. அந்த ஏட்டு கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் கையில் வைத்து அமுக்கினார்.

"ஒண்ணு ஆச்சுன்னா ஊட்ல குடுத்துடுப்பா."

அவ்வளவுதான் சொன்னார்.  கழியை மறுபடி எடுத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். 

"சார்! அது என் பை!"

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சத்தம். ஒரு கணம் எல்லாரும் அப்படியே நின்றார்கள். அடுத்த கணம் கட்டம்போட்ட சட்டைக்காரர் என் முழங்கையைப் பிடித்துத் திருகினார். "இன்னா சொன்ன? இன்னா சொன்ன நீ?" பின்னாலிருந்து யாரோ தலையில் அடித்தார்கள். கண்ணாடி எகிறி விழுந்தது. புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். "பச்சைப் புடவை, இதான்!" என்று ஒரு பெண் குரல். கீழே விழுந்தால் மிதித்தே கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்தது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அந்த ஏட்டுதான் கழியைக் குறுக்கே போட்டு, கூட்டத்தைத் தள்ளி, என்னைக் கயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சப் இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "உள்ள என்ன இருக்கு?"

"ரயில், சார். பொம்மை ரயில்."

அவர் முகத்தைப் பார்த்ததும் இந்தப் பதில் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று புரிந்தது. அழுதுகொண்டே சொன்னேன். ஜெர்மனி, தம்பி, இடி, ரிப்பேர், ரிச்சி தெரு. அவர் எதற்கும் தலையாட்டவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டின்னுல வெச்சுக் கட்டினது யார்? நீங்களா?"

"கடைக்காரர்."

"உங்க முன்னாலயா?"

"இல்லை... உள்ள எடுத்துட்டுப் போய்க் கட்டிட்டு வந்தார்."

"அப்போ உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

இந்த இடத்தைத்தான் என்னால் இன்றைக்கும் சரியாக விளக்க முடியவில்லை. அதுவரை எனக்கு இருந்த பயம், மற்றவர்கள் என்னைத் தப்பாக நினைக்கிறார்களே என்கிற பயம். அவர் அதைச் சொன்ன நொடியில் அது வேறு பயமாக மாறியது. அந்தக் கடைக்காரரை எனக்கு என்ன தெரியும்? பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் உள்ளே எடுத்துப் போனார்? விவரம் தெரியாதவர்கள் கையில் பார்சலைக் கொடுத்தனுப்புவதாகப் பேப்பரில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. கன்ட்ரோல் பெட்டி சேர்ந்த கனத்துக்கும் மேலே பை கனத்ததோ? முப்பது வருடம் முகம் தெரியாதவர்களின் குரலை வைத்தே ஆளை எடைபோட்டவள் நான். அந்த மனிதரின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை.

படிக்கட்டில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டார் என்று கூச்சல் கேட்டது. நெரிசல் இன்னும் மோசமானது. நான் சொன்னேன், "சார், என் பொருள். நானே போய்த் திறக்கறேன். வேற யாரும் போக வேண்டாம்."

சப் இன்ஸ்பெக்டர் முடியாது என்றார். வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். படிக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார்.

நான் நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் பூட்ஸ் சத்தம். திரும்பினால் அந்த ஏட்டு. கழி இல்லை. வெறும் கை.

"நீங்க வேண்டாம் சார்" என்றேன்.

"நடங்கம்மா" என்றார்.

அந்தக் காலிப் பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம். கண்ணாடி இல்லாததால் எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. நான் தடுக்கினபோது அவர் என் முழங்கைக்குக் கீழே கையை வைத்துத் தாங்கினார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. என்னுடையது அவருக்குக் கேட்டிருக்கும். பெஞ்சிடம் போனதும் நான் முட்டி வலியோடு குந்தினேன். அவரும் எதிரில் குந்தினார்.

பையை மெதுவாக முன்னால் இழுத்தேன். சணலை அவிழ்க்க வரவில்லை. அவர் பல்லால் கடித்து அறுத்தார். டின் மூடி இறுக்கமாக இருந்தது. அவர் டின்னை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் வீட்டுச் சாவியால் விளிம்பை நெம்பினேன்.

'டப்' என்று சத்தம்.

இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து விழுந்தோம். தூரத்தில் கூட்டம் வீறிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர், மணி அடித்து, எடுப்பதற்குள் நான் வைத்துவிட்ட அந்த போன், இவைதான் மனதில் வந்தன. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் மூடி தனியாகக் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. டின்னுக்குள் கசக்கிய செய்தித்தாள். ஒவ்வொரு தாளாக எடுத்தேன். கீழே கன்ட்ரோல் பெட்டி. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றி, குழந்தை மாதிரி, என் இன்ஜின்.

அவர் குனிந்து பார்த்தார். "இதாம்மா ரயிலு?"

"ஆமாம் சார்."

அவர் பிளாட்பாரத்தில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அத்தோடு விடவில்லை. என்னை ஸ்டேஷனில் இருந்த போலீஸ் அறைக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு பொருளும் என்னவென்று விளக்கச் சொன்னார்கள். சப் இன்ஸ்பெக்டரின் மேஜையில் துண்டுத் தண்டவாளத்தை வைத்து, டிரான்ஸ்பார்மரைச் சொருகி, மூன்றை அழுத்தினேன். முன்விளக்கு எரிந்தது. இன்ஜின் ஊர்ந்து போய் அந்தக் கோடியில் நின்றது, திரும்பி வந்தது. சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பெரியவருக்கு ஒண்ணும் ஆகலை, சிராய்ப்புதான். ஆகியிருந்தா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது நியாயம். வீட்டுக்காரரை வரவழைத்து, விலாசம் சரிபார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. பையை வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

வாசலில் அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் போகாமல் நின்றிருக்கிறார். கையில் என் மூக்குக் கண்ணாடி, ஒரு காது உடைந்திருந்தது. "மன்ச்சுக்கம்மா. பயந்துகினோம்" என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "நானும்தான் பயந்தேன்பா" என்று வாங்கிக்கொண்டேன். முழங்கையில் அவர் விரல் பதிந்த இடம் பல நாள் கன்றிப்போய் இருந்தது.

கிளம்பும்போது அந்த ஏட்டைத் தேடினேன். டீக்கடை ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டுக் கேட்டேன்: "நான் சொன்னதை நீங்க நம்பினீங்களா சார்? அதனாலதான் கூட வந்தீங்களா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லம்மா, நம்பல. பாதிக்குப் பாதி வெடிக்கும்னுதான் நெனச்சேன். ஆனா உங்கள தனியா அனுப்பிட்டு நான் கயித்துக்கு இந்தாண்ட நின்னு பாத்துகினு இருந்தா, ராத்திரி ஊட்ல போய் எப்படிம்மா சோறு துன்றது?"

 நான் அழுதுவிட்டேன்.

நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த ஏட்டை மறுபடி நான் பார்க்கவே இல்லை. என்னை நம்பி எனக்காக நின்றவர்கள் என் வாழ்க்கையில் பலர் உண்டு. அவர்களுக்கெல்லாம் நான் கடன்பட்டவள். ஆனால் நம்பாமலேயே, செத்தாலும் சாகலாம் என்று தெரிந்தே, என்னைத் தனியாக நடக்க விடாதவர் அவர் ஒருவர்தான். யாராவது பயத்தோடு ஒரு இடத்துக்குத் தனியாகக் கிளம்பும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு என்னை இன்றும் கிளம்ப வைப்பது அவரோடு நடந்த அந்த நடைதான்.